சட்டம் படிக்கப் பொருளில்லை எனத் தமிழ்ப்பிள்ளை திரும்பலாமா?

உயர்நயன்மன்றத்தில் தமிழ் ஒலிக்க வேண்டுமென்று நாம் முழங்கத் தொடங்கிப் பல்லாண்டுகள் கடந்துவிட்டன. 2006-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் அதற்கெனத் தீர்மானம் நிறைவேற்றித் தில்லிக்கு விடுத்தது. உச்சநயன்மன்றத்தின் இசைவின்மையைக் கரணியங்காட்டித் தில்லி அதனைத் தள்ளிற்று. இராசத்தான், உத்தரப்பிரதேசம், மத்தியப்பிரதேசம், பீகார் ஆகிய நான்கு மாநில உயர்நயன்மன்றங்களில் இந்திக்கு இடமளித்த அதே அரசியலமைப்புச் சட்டத்தின் 348-ஆம் பிரிவு, தமிழுக்கு மட்டும் கதவடைத்து நிற்கிறது. இஃது அநீதியினும் அநீதி. இதனை எதிர்த்து நாம் எழுதியதிலும், வழக்குரைஞர்கள் உண்ணாநோன்பிருந்ததிலும் ஒரு குறையுமில்லை.

ஆயினும், தமிழ் நெஞ்சங்களே, ஒன்றை எண்ணிப் பாருங்கள். அந்த உரிமை நாளைக் காலையே நம் கைக்கு வந்துவிட்டதென்று கொள்வோம். அதனைக் கையேற்று, கறுப்பு மேலாடை அணிந்து, நடுவர்முன் நின்று, தூய தமிழில் வழக்கை எடுத்துரைக்கப் போகின்ற வழக்குரைஞன் யார்? அவன் இப்பொழுது எந்தச் சட்டக் கல்லூரியில் படித்துக்கொண்டிருக்கிறான்? அவனுக்குச் சோறிடுபவர் எவர்? நூல் வாங்கித் தருபவர் எவர்? இக் கேள்விகட்கு விடை தேடாத முழக்கம் வெறும் ஓசையாகவே முடியும். மேனிலைப் பள்ளி வரை தமிழிலேயே படித்த உழவன் மகனும் நெசவாளி மகளும் சட்டம் பயிலப் பொருள்துணை தேடித் தருவதே, மன்றத்தில் தமிழை ஏற்றுதற்குரிய முதற் பணி என்பதை நாட்டவே இக் கட்டுரை எழுதப்படுகிறது.

சட்டம் யார் கையில்?

நிலத்தகராறும், கூலித்தகராறும், காவல்நிலையக் கொடுமையும் யாரைச் சூழ்ந்து நிற்கின்றன? ஏழைத் தமிழனைத்தான். அவன் குற்றஞ்சாட்டப்பட்டவனாகவோ சான்றுரைப்பவனாகவோ மன்றத்துக்குள் நுழைகிறான். தன்னைப் பற்றித் தன் தலைக்குமேல் நடக்கின்ற உரையாட்டு இன்னதென்று அறியாமல் கைகட்டி நிற்கிறான். போதாக்குறைக்கு, 2024-ஆம் ஆண்டு சூலை முதல் நாளிலிருந்து நடப்புக்கு வந்த மூன்று குற்றவியற் சட்டங்களுக்கும் 'பாரதிய நியாய சன்கிதா' என்பது முதலாக வடமொழிப் பெயரையே சூட்டியுள்ளனர். நேற்றுவரை ஆங்கிலம் ஒன்றே பூட்டாக இருந்தது. இன்று அப் பூட்டின்மேல் மற்றொரு பூட்டும் தொங்குகிறது.

"சட்டத்தைத் தமிழிற் சொல்ல முடியாது" என்பார் இன்னும் உளர். மாயூரம் முன்சீப்பாக விளங்கிய வேதநாயகனார், 1805 முதல் 1861 வரை வெளிவந்த உயர்மன்றத் தீர்ப்புகளைத் தமிழில் தொகுத்து 1862-ஆம் ஆண்டளவிலேயே வெளியிட்டார். 'எம்.எல். பிள்ளை' என்று நாடறிந்த கா. சுப்பிரமணியனார், சென்னைச் சட்டக் கல்லூரியிற் சட்டம் கற்பித்தவர். தாகூர் சட்டப் பரிசு பெற்றவர். பின்னர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியராக அமர்ந்தவர். சட்டமும் தமிழும் ஓருள்ளத்தில் உறவாடும் என்பதற்கு இவ்விருவரே போதிய சான்று. சட்டத்தைச் சொல்லத் தமிழுக்கு ஆற்றல் உண்டு. அதனை எடுத்துச் சொல்லத் தமிழ் படித்த ஏழைப் பிள்ளை மன்றத்துக்குள் வரவில்லை என்பதே நம் குறை.

கட்டணமா தடை?

சட்டக் கல்வி என்றாலே பணக்காரர் கல்வி என்ற எண்ணம் சிற்றூர்ப் பெற்றோரிடம் வேரூன்றியிருக்கிறது. அதனை முதலில் களைய வேண்டும். 1891-இல் தோன்றிய சென்னைச் சட்டக் கல்லூரியே 1974-இல் மதுரையில் ஒரு கல்லூரி எழும்வரை நம் நாட்டின் ஒரே அரசு சட்டக் கல்லூரியாக இருந்தது. கன்னியாகுமரிப் பிள்ளையும் சென்னைக்கு வந்து அறையெடுத்துத் தங்கினாலன்றிச் சட்டம் படிக்க இயலாத காலம் அது. இன்று திருச்சி, கோவை, திருநெல்வேலி, செங்கற்பட்டு, வேலூர், விழுப்புரம், தருமபுரி, இராமநாதபுரம், சேலம், நாமக்கல், தேனி என்று பல ஊர்களில் அரசு சட்டக் கல்லூரிகள் உள்ளன. இவற்றில் ஐந்தாண்டுப் படிப்புக்கு நுழைவுத்தேர்வு கிடையாது. மேனிலைத் தேர்வு மதிப்பெண்ணே அளவுகோல். படிப்புக் கட்டணமும் தனியார் கல்லூரிகளை நோக்க மிகமிகச் சிறிது. தேர்வைத் தமிழில் எழுதவும் இடமுண்டு.

மறுபுறம், 'தேசியச் சட்டப் பல்கலைக்கழகம்' என்னும் பெயரால் பெங்களூரில் தொடங்கித் திருச்சிராப்பள்ளி வரை எழுந்துள்ள உயர்தட்டு நிறுவனங்களைப் பாருங்கள். அவற்றுட் பெரும்பாலானவற்றில் ஆண்டொன்றுக்கு ஈரிலக்கம் உருபாவுக்கு மேல் செலவாகும். நுழைவதற்கான பொதுத் தேர்வு ஆங்கிலத்தில் மட்டுமே நடக்கிறது. அத் தேர்வுக்கு விண்ணப்பிப்பதற்கே பொதுப்பிரிவினர் 4,000 உருபாவும் தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் 3,500 உருபாவும் கட்ட வேண்டியிருந்தது. தனிப்பயிற்சிக் கூடங்கட்குக் கொட்டியழும் பணம் வேறு. தமிழ்வழிப் படித்த பிள்ளைக்கு அங்கே பணச்சுவரும் மொழிச்சுவரும் இணைந்தே நிற்கின்றன.

எனவே உண்மையை வகுத்துச் சொல்லுவோம். அரசு சட்டக் கல்லூரியில் ஏழைப் பிள்ளையைத் தடுப்பது கட்டணமன்று. ஐந்தாண்டுக் காலம், அல்லது பட்டம் பெற்றபின் மேலும் மூன்றாண்டுக் காலம், ஈட்டவேண்டிய கை ஈட்டாமல் இருப்பதே முதல் தடை. விடுதிச் செலவும் வழிச்செலவும் விலைமிகுந்த ஆங்கிலச் சட்டநூல்களும் இரண்டாம் தடை. பட்டம் பெற்றபின் மூத்த வழக்குரைஞரின் அறையில் ஊதியமின்றி ஊழியம் செய்யும் தொடக்க ஆண்டுகள் மூன்றாம் தடை. இம் மூன்றையும் கடக்க என்னென்ன துணைகள் உள்ளன என்பதைத் தமிழ்ப் பெற்றோர் அறிந்தாரில்லை. அறிந்த நாமும் எடுத்துச் சொன்னோமில்லை.

உள்ள துணைகள் எவை?

தாழ்த்தப்பட்ட மாணவர்க்குரிய, பத்தாம் வகுப்புக்குப் பிந்தைய கல்வி உதவித்தொகை 1944-ஆம் ஆண்டில் தொடங்கிற்று. அண்ணல் அம்பேத்கர் அரசப்பேராளரின் செயற்குழுவில் உறுப்பினராக வீற்றிருந்த காலம் அது. குடும்ப ஆண்டு வருவாய் 2.5 இலக்கம் உருபாவுக்குள் இருத்தல் வேண்டும் என்பது அதன் வரம்பு. 2021-இல் வகுக்கப்பட்ட நெறிகளின்படி, கட்டாயக் கட்டணங்கள் நீங்கலாக, படிப்பின் வகைக்கும் விடுதியில் தங்குதல் தங்காமைக்கும் ஏற்ப ஆண்டுக்கு 2,500 முதல் 13,500 உருபா வரை பேணற்றொகை உண்டு. செலவில் நடுவணரசுக்கு 60 பங்கும் மாநில அரசுக்கு 40 பங்கும் என்று பிரித்தனர். பிற்படுத்தப்பட்ட, மிகப்பிற்படுத்தப்பட்ட, சீர்மரபின மாணவர்க்கும் தமிழ்நாட்டரசின் உதவித்தொகைகள் உள்ளன. ஒரு குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டப்படிப்பில் நுழையும் பிள்ளைக்கு, ஒற்றைச்சாளர முறையில் தொழிற்கல்வியிற் சேர்ந்தால் படிப்புக் கட்டணச் சலுகை 2010-ஆம் ஆண்டு முதல் வழங்கப்பட்டு வந்துள்ளது. அதற்கு 'முதல் தலைமுறைப் பட்டதாரி' என்னும் சான்றிதழ் வேண்டும்.

அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 2021-ஆம் ஆண்டு ஒரு தனிச்சட்டமே வந்தது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியிற் படித்தோர்க்குப் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகிய தொழிற்படிப்புகளில் 7.5 விழுக்காட்டு இடம் அச் சட்டத்தால் ஒதுக்கப்பட்டது. அவ்வாறு சேர்வோரின் படிப்புக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் அனைத்தையும் அரசே ஏற்குமென அவ்வாண்டு செபுதம்பரில் அறிவிக்கப்பட்டது. பொறியியலுக்கு இவ்வாய்ப்புண்டு என்று அறிந்த ஊரார், சட்டத்துக்கும் உண்டு என்பதை அறியார்.

கட்டணம் நீங்கிய கைச்செலவுக்கு இரண்டு திட்டங்கள் வந்தன. 2022-ஆம் ஆண்டு செபுதம்பர் 5-ஆம் நாள் தொடங்கிய 'புதுமைப்பெண்' திட்டம், அரசுப் பள்ளியிற் பயின்று உயர்கல்வி சேர்ந்த பெண்பிள்ளைக்குத் திங்கள்தோறும் 1,000 உருபா என்றது. 2024 இறுதியில் அஃது அரசுதவி பெறும் பள்ளிகளில் தமிழ்வழி பயின்ற பெண்பிள்ளைகட்கும் விரிந்தது. 2024 ஆகத்து 9-ஆம் நாள் கோவையில் தொடங்கிய 'தமிழ்ப்புதல்வன்' திட்டம் அதே தொகையை ஆண்பிள்ளைகட்கு வகுத்தது. தமிழ்வழிப் படித்தமைக்கு ஒரு பயன் உண்டென்று தந்தைமார்க்குக் காட்டக்கூடிய திட்டங்கள் இவை. அத்துடன், 2010-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டம், தமிழ்வழியிற் படித்தோர்க்கு அரசுப் பணியமர்த்தத்தில் 20 விழுக்காடு முன்னுரிமை தந்ததையும் சேர்த்தெண்ணுங்கள்.

உயர்தட்டு நிறுவனங்களில் இடம்பெறும் தாழ்த்தப்பட்ட மாணவர்க்கெனத் தனித் திட்டம் ஒன்றும் உண்டு. குடும்ப வருவாய் 8 இலக்கத்துக்குள் இருப்பின் படிப்புக் கட்டணம் முழுவதும் அதில் அடங்கும். முதலாண்டில் 86,000 உருபாவும் அடுத்துவரும் ஆண்டுகளில் 41,000 உருபாவும் கைச்செலவுக்கும் கருவிகட்கும் கிடைக்கும். தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்கள் பலவும் அதன் பட்டியலில் இடம்பெற்றவை. இன்னொரு முயற்சியையும் குறிக்க வேண்டும். சட்டப் பேராசிரியர் சம்நாத் பசீர் 2010-இல் தொடங்கிய 'இடியா' என்னும் அமைப்பு, ஏழைப் பிள்ளைகளைத் தேடிப்பிடித்து, அந்த ஆங்கில நுழைவுத் தேர்வுக்குப் பயிற்றி, படிப்புச் செலவுக்கும் வழிதேடித் தந்தது. 2019-இல் அவர் மறைந்தார். தனியொரு பேராசிரியரின் நெஞ்சில் எழுந்த அவ்வெண்ணம், ஊர்தோறும் கிளைவைத்திருக்கும் இயக்கங்களில் எழாமற் போனது ஏன் என்று வினவ நமக்கு உரிமையுண்டு.

கடனும் அதன் பொறியும்

உதவித்தொகை போதாதபோது கல்விக்கடன் நாடுவோர் பலர். வங்கிகள் பின்பற்றும் பொதுநெறிப்படி 4 இலக்கம் வரையான கல்விக்கடனுக்கு ஈட்டுப்பொருள் தேவையில்லை. முன்பணமும் கட்ட வேண்டுவதில்லை. குடும்ப வருவாய் 4.5 இலக்கத்துக்குள் உள்ளோர் தொழிற்படிப்புக்கு வாங்கும் கடனுக்கு, படிக்குங் காலமும் அதற்குப்பின் ஓராண்டும் வட்டியை நடுவணரசே ஏற்கும் திட்டம் 2009-இல் வந்தது. 2024 நவம்பரில் ஒப்பப்பட்ட புதிய திட்டம், வருவாய் 8 இலக்கத்துக்குள் உள்ளோர்க்கு 10 இலக்கம் வரையான கடனில் 3 விழுக்காடு வட்டித் தள்ளுபடி என்கிறது. ஆயின் அது தரவரிசையில் முன்னிற்கும் நிறுவனங்கட்கு மட்டுமே உரியது; 2024-இல் ஒப்பப்பட்டபோது அவை ஏறத்தாழ 860. அத் திட்டத்துக்கு இட்ட பெயரோ 'வித்தியாலட்சுமி'! தமிழ்ப்பிள்ளை கடன் கேட்கச் செல்லும் கதவின்மேலும் வடமொழிப் பெயர்ப்பலகை. அப் பெயரைக் கேட்டு, அது கல்விக்கடன் என்று எந்தச் சிற்றூர்த் தாய் அறிவாள்?

என்னிடம் பயின்ற மாணவி ஒருத்தி. தந்தை கைத்தறி நெசவாளர். மூன்றரை இலக்கம் கடன்கேட்டு வங்கியொன்றுக்குச் சென்றாள். மேலாளர் நிலத்தாவணம் கேட்டார். நிலமேது அவர்களுக்கு? திரும்பி வந்துவிட்டாள். "மறுப்பை எழுத்தில் தாருங்கள், இந்நெறிக்கு மாறாக ஈடு கேட்பதேன் என்றும் எழுதுங்கள்" என்று ஒரு தாளில் தமிழில் எழுதிக் கொடுத்துமீண்டும் அனுப்பினோம். இரு கிழமையில் கடன் ஒப்பப்பட்டது. நெறி முன்னரே இருந்தது. அதனை அறிந்த ஒருவர் அவள் பக்கம் நிற்காதது ஒன்றே குறையாக இருந்தது.

ஆயினும் கடனை இறுதி வழியாகவே கொள்ள வேண்டும் என்பது என் துணிபு. மருத்துவமும் பொறியியலும் படித்தவன் முடித்த ஆண்டே ஊதியம் காணலாம். சட்டம் முடித்தவன் வழக்குப் பெறுவதற்கே ஆண்டுகளாகும். வட்டித் தள்ளுபடிக் காலமோ ஓராண்டில் முடிந்துவிடும். கடன்சுமை தலையில் ஏறிய இளைஞன் ஏழையின் வழக்கை எங்ஙனம் எடுப்பான்? பணமுள்ளவன் வாயிலில்தான் நிற்பான். ஆகவே முதலில் உதவித்தொகை; அடுத்துக் கட்டணச் சலுகை; எல்லாம் தேடியும் போதாதவழியே கடன்.

கைக்கு எட்டாமை ஏன்?

இத்தனை திட்டங்கள் இருந்தும் பிள்ளைகள் ஏன் இடைநிற்கின்றனர்? கரணியம் மூன்று.

முதலாவது, நாள் தவறுதல். கல்லூரிக்குக் கட்டணம் இன்று கட்ட வேண்டும்; உதவித்தொகை பல திங்கள் கழித்து வரும். அவ்விடைவெளியில் வட்டிக்காரன் நுழைகிறான். 2024-இல் உத்தரப்பிரதேசத்துக் கூலித் தொழிலாளி ஒருவரின் மகன் 17,500 உருபாவை உரிய நேரத்திற் கட்ட இயலாமல் உயர்தொழில்நுட்பக் கல்லூரி இடத்தை இழந்தான். உச்சநயன்மன்றம் வரை சென்றுதான் அவ்விடத்தை மீட்டான். அது பொறியியல் மாணவன் செய்தி. ஆயினும் சட்டக் கல்லூரி வாயிலிலும் அத்தகைய சிறுதொகையே பிள்ளையின் வாழ்வை முடிவுசெய்கிறது.

இரண்டாவது, சான்றிதழ். குலச்சான்று, வருவாய்ச்சான்று, முதல் தலைமுறைப் பட்டதாரிச் சான்று, ஆதாரோடு இணைந்த வங்கிக் கணக்கு என்று நான்கும் ஒரே பெயரெழுத்தில் இருத்தல் வேண்டும். தந்தை பெயர் ஓர் ஆவணத்தில் ஒருவாறும் மற்றோர் ஆவணத்தில் வேறுவாறும் ஆங்கில எழுத்தில் இருந்தால் விண்ணப்பம் தள்ளப்படும். தமிழ்ப் பெயரைத் தமிழெழுத்தில் எழுதும் உரிமையிருந்தால் இச் சிக்கலில் பாதி தோன்றியே இராது!

மூன்றாவது, மொழி. நடுவணரசின் கல்வியுதவி வலைத்தளங்கள் ஆங்கிலத்துக்கும் இந்திக்குமே முதலிடம் தருகின்றன. உதவி யாருக்கு வேண்டுமோ அவன் அறியா மொழியில் உதவியை அறிவிப்பது, பசித்தவன் எட்டாத உறியில் சோற்றை வைப்பதற்கு ஒப்பாகும்.

பட்டத்துக்குப் பின்

பட்டம் பெற்றவுடன் பதிவுக் கட்டணம் வந்து நின்றது. 1961-ஆம் ஆண்டு வழக்குரைஞர் சட்டம் குறித்த தொகை பொதுப்பிரிவினர்க்கு 750 உருபாவும், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர்க்கு 125 உருபாவும் மட்டுமே. ஆனால் மாநில வழக்குரைஞர் கழகங்கள் பற்பல பெயர்களில் 15,000 முதல் 42,000 உருபா வரை வாங்கிவந்தன. 2024 சூலை 30-ஆம் நாள் உச்சநயன்மன்றம், சட்டம் குறித்த தொகைக்குமேல் வாங்கலாகாது என்று தீர்ப்பளித்தது. வறிய பிள்ளைகட்குக் கிடைத்த நல்ல தீர்ப்பு இது. பதிவுக்கென்று எவரேனும் கூடுதலாகக் கேட்டால் இத் தீர்ப்பின் நாளைச் சொல்லுங்கள். அடுத்துவரும் அனைத்திந்திய வழக்குரைஞர் தகுதித் தேர்வைத் தமிழிலும் எழுதலாம் என்பதையும் நம் பிள்ளைகள் மறத்தலாகாது.

பின்னும் உண்ண வேண்டுமே! 2020-இல் தமிழ்நாட்டரசு வறிய இளம் வழக்குரைஞர்க்குத் திங்களுக்கு 3,000 உருபா ஈராண்டுக்கு வழங்கும் திட்டத்தைத் தொடங்கிற்று. 2024 சூனில் சென்னை உயர்நயன்மன்றம், இளம் வழக்குரைஞர்க்குச் சென்னை, மதுரை, கோவையில் திங்களுக்கு 20,000 உருபாவும் ஏனைய இடங்களில் 15,000 உருபாவும் குறைந்த அளவாக மூத்தோர் வழங்குமாறு சுற்றறிக்கை விடுக்கும்படி வழக்குரைஞர் கழகத்தைப் பணித்தது. ஆணை நன்று. ஆனால் மூத்தவரின் அறையில் வேலை கற்க நிற்கும் இளைஞன், "ஐயா, ஆணைப்படி ஊதியம் தாருங்கள்" என்று கேட்கும் துணிவை எங்கிருந்து பெறுவான்? அவன் பின்னால் ஓர் ஊர் நிற்க வேண்டும். ஓர் இயக்கம் நிற்க வேண்டும்.

இரப்பா? உரிமையா?

"தில்லியிடம் கையேந்துவதா? தன்மானம் என்னாவது?" என்று நம்மவரிற் சிலர் கேட்கலாம். அவர்க்கு என் விடை இது: தில்லிக் கருவூலத்திற் கிடப்பது தமிழன் செலுத்திய வரிப்பணம். தன் பணத்தில் ஒரு பங்கைத் தன் பிள்ளையின் கல்விக்குத் திரும்பப் பெறுவது இரத்தலன்று; உரிமையை ஈட்டுதல். கேளாமல் விடுத்தால் அத் தொகை நமக்குத் தன்மானமாக மாறி வருவதில்லை. பிறர்க்கே போய்ச் சேரும். உற்றுழி உதவியும் மிகுந்த பொருள் கொடுத்தும் கற்க வேண்டும் என்று புறநானூற்றில் ஒரு பாண்டியனே பாடினான். அவன் பெயர் ஆரியப்படை கடந்த நெடுஞ்செழியன். கற்றவன் கீழ்நிலையிற் பிறந்தவனாயினும் மேனிலையோன் அவனை வணங்குவான் என்பதும் அவன் கண்ட உண்மை. கல்விக்குப் பொருள் தேடுதல் இழிவாயின் அவ் வேந்தன் அதனைப் பாடியிருப்பானா?

அண்ணல் அம்பேத்கரின் வாழ்வைப் பாருங்கள். 1913-இல் பரோடா மன்னர் திங்களுக்குப் பதினொன்றரை பவுன் வீதம் மூன்றாண்டுக்குத் தந்த உதவித்தொகையாலேயே அவர் அமெரிக்கக் கொலம்பியாவுக்குச் சென்றார். பின்னர் இலண்டனில் சட்டமும் பொருளியலும் பயிலப் புகுந்தார். உதவிக்காலம் முடிந்தது, 1917-இல் படிப்பை இடைநிறுத்தித் திரும்ப நேர்ந்தது. பம்பாயில் பேராசிரியராகி ஊதியத்தில் மிச்சம்பிடித்து, கோலாப்பூர் மன்னர் சாகுவின் உதவியும் நண்பரின் கடனும் பெற்று, 1920-இல் மீண்டும் இலண்டன் சென்று சட்டக் கல்வியை முடித்தார். பொருள் முடிந்த அந்த 1917-இலேயே எல்லாம் முடிந்திருந்தால்? அரசியலமைப்புச் சட்ட வரைவுக்குழுவின் தலைவர் இருக்கையில் யார் அமர்ந்திருப்பார்? ஓர் உதவித்தொகை நின்றுபோவது ஒரு குமுகாயத்தின் குரலே நின்றுபோவதற்கு ஒப்பாகும் என்பதை அவ் வரலாறு சொல்லும்.

நம் மண்ணிலும் சான்றுண்டு. பார்ப்பனரல்லாத மாணவர்கள் சென்னைக்கு வந்து தங்க இடமின்றி அலைந்தபோது, மருத்துவர் சி. நடேசனார் திருவல்லிக்கேணியில் 'திராவிடர் இல்லம்' என்னும் விடுதியை நிறுவினார். அரசு கையில் இல்லை. ஆட்சி கையில் இல்லை. ஆயினும் மேடையிற் பேசுவதோடு அமையாமல், பிள்ளைகட்குப் பாயும் சோறும் விளக்கும் தந்தார். பின்னர் ஆட்சியே கைக்கு வந்த ஓர் இயக்கத்தின் வேர்களுள் அவ் விடுதியும் ஒன்று.

நாம் செய்ய வேண்டுவன

ஒன்று: ஒவ்வோர் ஊர்க் கிளையும், மேனிலைத் தேர்வு முடிவு வரும் நாள் முதல் சட்டக் கல்லூரிச் சேர்க்கை முடியும் நாள் வரை, மாலைதோறும் ஒரு திண்ணையில் அமர வேண்டும். இ-சேவை மையத்துக்குப் பிள்ளையோடு உடன்செல்ல வேண்டும். நான்கு சான்றிதழ்களையும் ஒப்புநோக்கி, பெயரெழுத்துப் பிழையைத் திருத்தித் தர வேண்டும். இதற்குப் பணம் வேண்டா. எழுதப் படிக்கத் தெரிந்த இருவர் போதும்.

இரண்டு: சுழற்பொருள் ஒன்றைத் திரட்ட வேண்டும். உதவித்தொகை வருமுன் கட்டணம் கட்டவேண்டிய பிள்ளைக்கு வட்டியின்றித் தந்து, தொகை வந்தபின் திரும்பப் பெற்று, அடுத்த பிள்ளைக்கு வழங்க வேண்டும். ஐம்பதாயிரம் உருபா இருந்தால் ஒரு வட்டத்துப் பிள்ளைகளை வட்டிக்காரனிடமிருந்து காக்கலாம்.

மூன்று: பட்டம் பெற்ற ஒரு பிள்ளைக்கு ஈராண்டு ஊதியம் தர வேண்டும். இருபதின்மர் திங்களுக்கு 500 உருபா ஈந்தால் 10,000 உருபா. ஈராண்டுக்கு 2,40,000 உருபா. நம் மாநாட்டுப் பந்தலுக்கும் வண்ணப் பதாகைக்கும் ஆகும் செலவை ஒருமுறை எண்ணிப் பார்த்தால், இத் தொகை மலைப்பாகத் தோன்றாது. ஈந்ததற்குக் கைம்மாறாக அப் பிள்ளையிடம் ஒன்றே கேட்போம்: கீழ்நிலை நயன்மன்றங்களில் தமிழைப் பயன்படுத்த 1976-ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டத் திருத்தம் வழிவகுத்துள்ளது, அந்த உரிமையைப் பயன்படுத்தி, உன் முறையீடுகளைத் தமிழில் எழுது, தமிழில் வழக்காடு. கையிலிருக்கும் உரிமையைப் பயன்படுத்தாதவன், கைக்கு வராத உரிமையைக் கேட்டால் யார் மதிப்பார்?

நான்கு: தமிழறிந்த மூத்த வழக்குரைஞர்களும் தமிழாசிரியர்களும் ஒன்றுகூடி, மாணவர் வாங்கும் விலையில் சட்டநூல்களைத் தமிழில் எழுத வேண்டும். வேதநாயகனார் தனியொருவராய்ச் செய்ததைப் பதின்மர் கூடிச் செய்ய இயலாதா? தமிழ்வழி மாணவன் தேர்வைத் தமிழில் எழுதலாம் என்னும் உரிமை, படிக்கத் தமிழ்நூல் இல்லாதபோது பாதி உரிமையே.

அரசுக்கும் ஒரு சொல். முதல் தலைமுறைச் சட்ட மாணவர்க்கான தொகை அனைத்தும் சேர்க்கை நாளன்றே கல்லூரிக்குச் செல்ல வேண்டும். பிள்ளையைக் கட்டச் சொல்லிப் பின்னர் திருப்பித் தரும் முறை ஒழிய வேண்டும். தமிழில் தேர்வெழுதி வெல்லும் சட்ட மாணவனுக்குத் தனிப் பரிசுத்தொகை வகுக்கப்பட வேண்டும். இளம் வழக்குரைஞர்க்கு 2020-இல் குறித்த 3,000 உருபா, விலைவாசி ஏறிய இந்நாளில் அறை வாடகைக்கும் போதாது. அதனைப் பன்மடங்கு உயர்த்த வேண்டும். தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களின் நுழைவுத் தேர்வு தமிழிலும் நடக்க வேண்டுமென்று சட்டமன்றம் உரத்துக் கேட்க வேண்டும்.

தமிழ் உறவுகளே! மன்றத்தில் தமிழ் வேண்டுமென்று சுவரெழுதுங்கள், ஊர்வலம் செல்லுங்கள், அதனை நான் தடுப்பவனல்லேன். ஆனால் சுவரெழுதிய கை காயுமுன், உங்கள் தெருவிற் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளையின் வீட்டுக் கதவைத் தட்டி, "சட்டம் படிக்கிறாயா? பொருளைப் பற்றிக் கவலைகொள்ளாதே, நாங்கள் இருக்கிறோம்" என்று சொல்லுங்கள். இவ்வாண்டு வட்டத்துக்கு ஒருவர் என்று தொடங்கினாலும், ஏழெட்டு ஆண்டுகளில் தமிழில் வழக்காடும் ஒரு படையே மன்ற வாயிலில் வந்து நிற்கும். அப் படையை மறுக்க எந்தப் பிரிவாலும் இயலாது.